ஜிம் மாரிசன் கவிஞரா? பாட்டு வரிக்கும் நோட்டுக் கவிதைக்கும் நடுவே

2025 மே மாதம் பாரிஸ் போலீஸ் ஒரு நிதி முறைகேட்டு வழக்குக்காகச் சோதனை போட்டபோது, தேடாத பொருள் ஒன்று கையில் சிக்கியது. அமெரிக்க ராக் குழுவான தி டோர்ஸின் பாடகர் ஜிம் மாரிசனின் மார்பளவுச் சிலை. பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி மேல் 1981-ல் வைக்கப்பட்ட அந்தச் சிலை 1988-ல் திருடுபோனது. 37 ஆண்டுகளுக்குப் பிறகு, மூக்கும் வாயும் உடைந்த நிலையில் கிடைத்திருக்கிறது.

சிலை கிடைத்ததை எழுதிய செய்திகள் பலவற்றில் 'ராக் பாடகர், கவிஞர்' என்று அடைமொழி இருந்தது. தி டோர்ஸ் குழுவின் பாட்டு ஒன்றிரண்டைக் கேட்டவர்களுக்குக்கூட இந்தக் 'கவிஞர்' எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. நல்ல பாட்டு வரி எழுதினார் என்பதற்காகக் கொடுத்த மரியாதைப் பட்டமா? இல்லை, தனியாகக் கவிதை எழுதி அச்சில் கொண்டுவந்தாரா? இரண்டாவதுதான் சரி. ஆனால் அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: அந்தக் கவிதைகள் தேறுமா? இதற்கான பதில் அவ்வளவு நேரானதல்ல.

முதலில் சில அடிப்படைகள்

1. பாட்டு வரி. தாளத்தோடும் மெட்டோடும் சேர்ந்து நிற்பதற்காக எழுதப்படுவது. பல்லவி திரும்பத் திரும்ப வரும். சரணங்கள் ஒரே அச்சில் அமையும். எதுகையும் இயைபும் கேட்பவர் காதைப் பிடித்து வைக்கும். தாளில் தனியாகப் பார்த்தால் சப்பென்று இருக்கும் வரி, பாடும்போது உயிர்பெறும். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், வரி அதில் உட்காரும். இதைப் பாடலாசிரியர்கள் பேட்டிக்குப் பேட்டி சொல்லிக் கேட்டிருக்கிறோம். ராக் குழுக்களில் இந்த வரிசைக்குக் கட்டாயம் கிடையாது.

2. தாள் கவிதை. இசையின் துணையில்லாமல் கண்ணால் வாசிப்பதற்கு எழுதப்படுவது. அடி எங்கே உடைகிறது, எங்கே வெற்றிடம் விடுகிறோம் என்பதெல்லாம் எழுதுபவர் கையில். தாங்கிப் பிடிக்க டிரம்ஸ் கிடையாது.

3. இசைப் பின்னணியில் வாசிப்பு. கவிதையைப் பாடாமல் பேச்சுக்குரலில் சொல்வது. பின்னால் இசை ஓடும். 1950-களில் அமெரிக்காவின் பீட் தலைமுறைக் கவிஞர்கள் ஜாஸ் இசையோடு இதைச் செய்தார்கள். மாரிசன் இளவயதில் படித்து வளர்ந்தது இவர்களைத்தான்.

மாரிசன் இந்த மூன்றையும் செய்தார். அவர் எழுதியதை மதிப்பிடும்போது வரும் குழப்பத்தில் பாதி, மூன்றையும் ஒரே தராசில் வைப்பதால் வருவது.

வரி எங்கிருந்து வந்தது

ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன் 1943 டிசம்பர் 8-ல் ஃபுளோரிடா மாநிலம் மெல்போர்னில் பிறந்தார். அப்பா அமெரிக்கக் கடற்படை அதிகாரி. வியட்நாம் போரைப் பெரிதாக்கிய 1964 டோன்கின் வளைகுடா சம்பவத்தின்போது அந்தப் பகுதியில் இருந்த அமெரிக்கக் கப்பல் படைக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான். மாற்றல் வேலை என்பதால் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. பையன் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டான். 1965-ல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் திரைப்படப் படிப்பை முடித்தார். இசை படித்ததே இல்லை. எந்த வாத்தியமும் உருப்படியாக வாசிக்கத் தெரியாது, இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

பள்ளி நாட்களிலிருந்தே நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டார். அப்படிப் போடாமல் இருந்திருந்தால் சொந்தமாக எதையும் எழுதியிருக்க மாட்டேனோ என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். அந்த 1965 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் கடற்கரைப் பகுதியில் ஒரு மொட்டைமாடியில் தங்கியிருந்தபோது அவருக்குப் பாட்டுகள் வந்தன. தலைக்குள் ஒரு ராக் கச்சேரி நடந்துகொண்டிருந்ததாகவும், தான் குறிப்பு எடுத்தது மட்டும்தான் என்றும் விவரித்தார். மெட்டு மனதில் ஓடும். அதை எழுதி வைக்கத் தெரியாது. மறந்துவிடாமல் இருக்க அதன் மேல் சொற்களை மாட்டி வைப்பார். இசை தெரியாத ஒருவருக்குச் சொல்தான் இசைக்குறிப்பு.

அதே கோடையில் கடற்கரையில் யுசிஎல்ஏ நண்பர் ரே மன்சரெக்கைச் சந்தித்து, 'மூன்லைட் டிரைவ்' பாட்டைத் தயங்கித் தயங்கிப் பாடிக் காட்டியதும், குழு ஆரம்பிக்கலாம் என்று மன்சரெக் அங்கேயே முடிவெடுத்ததும் ராக் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை. மன்சரெக் கீபோர்டு. மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்பில் அவருக்கு அறிமுகமானவர்கள் டிரம்ஸ் வாசித்த ஜான் டென்ஸ்மோரும் கிட்டார் வாசித்த ராபி கிரீகரும்.

குழுவின் பெயரே ஒரு வாசகன் வைத்த பெயர். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954-ல் எழுதிய 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' நூலிலிருந்து வந்தது. ஹக்ஸ்லி அதை ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்தார். புலன்களின் கதவைத் துடைத்துச் சுத்தமாக்கினால் எல்லாமே உள்ளபடி, எல்லையற்றதாகத் தெரியும் என்பது பிளேக்கின் வாக்கியம்.

வரி பாட்டான இரண்டு வழிகள்

மாரிசனின் வரிகள் பாட்டாக மாறியதில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. கேட்கும்போது வித்தியாசம் உடனே தெரியாது. தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

1. மெட்டும் சொல்லும் சேர்ந்தே வந்தவை. மொட்டைமாடிக் காலத்துப் பாட்டுகள் இந்த வகை. பிறக்கும்போதே பாட்டாகப் பிறந்தவை. 1967 ஜனவரியில் வந்த முதல் ஆல்பமும் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'ஸ்டிரேஞ்ச் டேஸ்' ஆல்பமும் இந்தச் சரக்கையும் குழுவினர் சேர்ந்து கட்டியதையும் வைத்துத்தான் ஓடின.

2. நோட்டிலிருந்து வெட்டி எடுத்தவை. முதலில் தாளில் கவிதையாக இருந்தது. பிறகு குழு அதற்கு இசை போட்டது, அல்லது தயாராக இருந்த இசைக்கு அதிலிருந்து துண்டு எடுத்துப் பொருத்தினார்கள்.

இரண்டாம் வகைக்குத் தெளிவான ஆரம்ப உதாரணம் 'ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்'. மாரிசன் உயர்நிலைப் பள்ளியில் எழுதியது. கடலில் காற்றே இல்லாத அட்சரேகைப் பகுதியில் மாட்டிக்கொண்ட பாய்மரக் கப்பல், சுமையைக் குறைக்கக் குதிரைகளைக் கடலில் தள்ளுகிறது. தள்ளப்பட்ட குதிரை ஒரு கணம் நீந்த முயல்கிறது, தலை எழும்பி எழும்பித் தாழ்கிறது, பிறகு மூழ்குகிறது. பதினாறு பதினேழு வயதுப் பையன் எழுதியது என்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் துல்லியம் அசர வைக்கும். 'ஸ்டிரேஞ்ச் டேஸ்' ஆல்பத்தில் இது ஒன்றரை நிமிடம் வருகிறது. மெட்டு இல்லை, தாளமும் இல்லை. நாடாவைத் திருகி உண்டாக்கிய ஓசைகளுக்கு நடுவே மாரிசன் கத்தி ஒப்பிக்கிறார். பாட்டாக மாற்ற முயலாமல் கவிதையாகவே விட்டது நல்ல முடிவு.

'பீஸ் ஃபிராக்' (1970) இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. கிரீகரின் கிட்டார் இசை முதலில் பதிவாகிவிட்டது. வரி பிறகுதான் மாரிசனின் நோட்டுக் கவிதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. தெருவில் ரத்தம் என்ற படிமம் அடிக்கு அடி வருகிறது. முதலில் கணுக்கால் வரை, பிறகு முழங்கால் வரை ஏறுகிறது. ஊர்ப் பெயர்கள் வருகின்றன: 1968 ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது போலீஸ் தடியடி நடந்த சிகாகோ, 1967 டிசம்பரில் மேடையிலேயே மாரிசன் கைதான நியூ ஹேவன், அவர் மொட்டைமாடியில் கிடந்த வெனிஸ். நடுவில் இசை தாழ, விடிகாலை நெடுஞ்சாலையில் விபத்தில் சிதறிக் கிடக்கும் செவ்விந்தியர்களைப் பற்றிய இரண்டு வரி பேச்சுக்குரலில் வருகிறது. அது சிறுவயதில் காரில் போகும்போது பார்த்ததாக மாரிசன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த சம்பவம். குடும்பத்தினர் நினைவில் அது அவ்வளவு பெரிதாக இல்லை. நோட்டில் பக்கம் பக்கமாகப் பரவிக் கிடந்ததை மூன்று நிமிடத்துக்குள் நெருக்கிப் போட்டதால் வந்த வேகம் அந்தப் பாட்டில் இருக்கிறது.

ஒரு சரணத்தை நெருங்கிப் பார்த்தால்

'லைட் மை ஃபயர்' குழுவின் மிகப் பெரிய வெற்றி. 1967 ஜூலை இறுதியில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதை மாரிசன் எழுதினார் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அவர் எழுதியது இரண்டாம் சரணம் மட்டும். மெட்டு, பல்லவி, முதல் சரணம் மூன்றும் கிரீகருடையவை.

கிரீகர் கொண்டுவந்த முதல் சரணம் நேரான காதல் பேச்சு. அடி முடிவில் 'லயர்', 'ஹையர்' என்று வருகிறது, பல்லவியின் 'ஃபயர்' அதோடு இயைகிறது. இரண்டாம் சரணம் எழுத வந்த மாரிசனுக்கு முன்னால் இருந்தது ஒரு பூட்டிய சட்டம்: அடி எண்ணிக்கை, அசை நீளம், 'யர்' என்று முடியவேண்டிய இடங்கள் எல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டன. அவர் தேடிப் பிடித்தது 'மயர்' (சேறு), 'பயர்' (சிதை). தயங்கும் நேரம் முடிந்தது, சேற்றில் புரள நேரமில்லை, இப்போது விட்டால் நம் காதல் சிதையாகிவிடும் என்கிறது சரணம். பல்லவியில் காமத்துக்குப் பற்றவைத்த தீ, ஒரே இயைபில் சிதைத் தீயாக மாறுகிறது. பல்லவி அடுத்த முறை திரும்ப வரும்போது அதே சொற்களுக்கு வேறு நிறம் ஏறிவிடுகிறது.

மாரிசனை மதிப்பிட என்னிடம் ஒரே ஒரு சான்று கேட்டால் இந்த நாலு அடியைத்தான் காட்டுவேன். இதே ஆள் நோட்டில் மரணத்தைப் பற்றிப் பக்கக்கணக்கில் எழுதியிருக்கிறார். பெரும்பகுதி இதில் கால்வாசிகூட ஏறாது. வேறொருவர் போட்ட கட்டத்துக்குள், வேறொருவரின் இயைபுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய நெருக்கடியில் அவர் கூர்மையாகிறார். மெட்டும், மூன்று சக கலைஞர்களும், தயாரிப்பாளர் பால் ராத்சைல்டும் சேர்ந்து அவருக்கு எடிட்டராக வேலை செய்தார்கள்.

'தி எண்ட்' பாட்டிலும் இது நடந்தது, மெதுவாக. சாதாரணப் பிரிவுப் பாட்டாகத் தொடங்கியது அது. 1966-ல் விஸ்கி எ கோ கோ கிளப்பில் இரவுக்கு இரவு வாசித்து, நீட்டி, இடையிடையே பேச்சுக்குரலில் வரிகளைச் சேர்த்து, பதினொன்றரை நிமிடத்துக்கு மேல் வளர்ந்தது. கிரீகரும் டென்ஸ்மோரும் லாஸ் ஏஞ்சலிஸில் ரவி சங்கர் நடத்திய கின்னாரா இசைப் பள்ளியில் பயின்றவர்கள். அந்தக் கிட்டாரில் ராகத்தின் சாயல் கேட்பது தற்செயல் அல்ல. தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க ஈடிபஸ் கதையை மாரிசன் அதில் நுழைத்து, தந்தையைக் கொல்வேன், தாயை என்று ஆரம்பித்து முடித்த இரவோடு கிளப்காரர்கள் குழுவை வெளியே அனுப்பினார்கள். என்றாலும் மேடையில் பல வாரம் அடித்துத் திருத்தப்பட்ட பிரதி அது. எந்த வரி நிற்கும், எது விழும் என்று கேட்பவர்கள் முகத்தில் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

பல்லி ராஜா ஏன் ஆல்பத்தில் இல்லை

மூன்றாம் ஆல்பம் வரும்போது (1968, 'வெயிட்டிங் ஃபார் தி சன்') மொட்டைமாடிச் சரக்கு தீர்ந்துவிட்டது. 'ஹலோ, ஐ லவ் யூ' என்ற 1965 காலத்துப் பாட்டைத் தோண்டி எடுத்துப் பதிவு செய்தார்கள். அது முதலிடத்துக்குப் போனது வேறு விஷயம். மீதி இடத்தை நிரப்ப மாரிசன் வைத்திருந்த திட்டம் 'செலிப்ரேஷன் ஆஃப் தி லிசார்ட்' என்ற நெடுங்கவிதை. ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும் இதுவே.

ஸ்டுடியோவில் பலமுறை முயன்றும் அது கூடிவரவில்லை. துண்டு துண்டான காட்சிகள்: நகரத்தில் திரியும் நாய்கள், கனவு, ஊரைவிட்டு ஓடுதல், பாம்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இசைக்கு வழியே கிடைக்கவில்லை. கடைசியில் 'நாட் டு டச் தி எர்த்' என்ற ஒரு பகுதி மட்டும் பாட்டாகத் தேறியது. முழுக் கவிதையையும் ஆல்பம் அட்டையின் உள்பக்கத்தில் அச்சடித்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். தான்தான் பல்லி ராஜா, தன்னால் எதுவும் முடியும் என்ற புகழ்பெற்ற அடி ரசிகர்களுக்கு முதலில் கண்ணால் படிக்கத்தான் கிடைத்தது. கச்சேரியில் வாசித்த முழு வடிவம் 1970-ல் 'அப்ஸல்யூட்லி லைவ்' ஆல்பத்தில் வந்தது.

அந்தக் கச்சேரிப் பதிவை இன்று கேட்டால் எது பலம், எது பலவீனம் என்று காதுக்கே தெரிகிறது. தாளம் இறுகும் இடங்களில் வரி உயிரோடு இருக்கிறது. மாரிசன் தனியாகப் பேசும் இடங்களில் கேட்பவர் கவனம் கலைகிறது.

அச்சில் வந்த புத்தகங்கள்

பாட்டுக்காரர் பெயரை வைத்துப் புத்தகம் விற்க மாரிசனுக்கு விருப்பமில்லை. பீட் கவிஞர் மைக்கேல் மெக்ளூர் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்து ஊக்கப்படுத்தினார். 1955-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் ஆலன் கின்ஸ்பெர்க்கோடு மேடையேறி வாசித்தவர் மெக்ளூர். அவர் சொல்லுக்கு எடை உண்டு. 1969-ல் 'தி லார்ட்ஸ்', 'தி நியூ கிரியேச்சர்ஸ்' என்ற இரண்டையும் மாரிசன் சொந்தச் செலவில் தலா 100 பிரதி அச்சடித்தார். பெயர் ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன் என்று முழுதாக. அடுத்த ஆண்டு சைமன் அண்ட் ஷுஸ்டர் இரண்டையும் ஒரே நூலாக வெளியிட்டது. 'ஆன் அமெரிக்கன் பிரேயர்' 1970-ல் 500 பிரதி தனியாக அச்சானது.

ஒரே அட்டைக்குள் இருந்தாலும் முதல் இரண்டும் தரத்தில் ஒன்றல்ல.

'தி லார்ட்ஸ்' உரைநடைக் குறிப்புகள். திரைப்பட மாணவனாக இருந்தபோது தொடங்கியவை. பார்வை, கேமரா, பார்வையாளன் ஆகியவைதான் பொருள். சினிமா பார்ப்பவர்கள் சத்தமில்லாத ரத்தக்காட்டேரிகள் என்கிறது ஒரு குறிப்பு. மலைச்சரிவில் வெறிகொண்டு ஆடிய உடலாக இருந்த நாம், இருட்டில் உட்கார்ந்து வெறிக்கும் ஒரு ஜோடிக் கண்களாகச் சுருங்கிவிட்டோம் என்கிறது இன்னொன்று. நம்மை ஆள்பவர்கள் புத்தகம், கச்சேரி, கண்காட்சி, எல்லாவற்றுக்கும் மேலாக சினிமா ஆகியவற்றைக் கொடுத்து நம்மை மயக்கி வைத்திருக்கிறார்கள் என்ற வாதம் நூல் முழுக்க ஓடுகிறது. இந்தக் குறிப்புகள் தாளில் நிற்கின்றன. இசை தேவையில்லை. ஃபோன் திரையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே படித்தால் குத்தும். 1969 மார்ச் 1-ல் மயாமி கச்சேரியில் கூட்டத்தைப் பார்த்து மாரிசன் கத்தியதை இந்த நூலோடு சேர்த்துப் படிக்கலாம். சில நாள் முன்புதான் லிவிங் தியேட்டர் குழுவின் நாடகங்களைப் பார்த்திருந்தார். பார்வையாளனை நாற்காலியிலிருந்து கிளப்புவதே அந்தக் குழுவின் வேலை. மயாமி இரவு ஆபாச நடத்தை வழக்கில் ஆறு மாதத் தண்டனையாக முடிந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அவர் இறந்தார். ஃபுளோரிடா மாநிலம் 2010 டிசம்பரில் மன்னிப்பு வழங்கியது.

'தி நியூ கிரியேச்சர்ஸ்' குட்டிக் கவிதைகள். ஒரு பெயர்ச்சொல், ஒரு படிமம், இடைவெளி, இன்னொரு படிமம். பாம்பு, நோய், நகரம், தோல். நாலைந்து கவிதையில் மின்னல் உண்டு. மற்றவற்றில் ஏன் இந்தப் படிமத்துக்குப் பிறகு அது வருகிறது என்று கேட்டால் நூலில் பதில் இல்லை. இங்கேதான் ராத்சைல்டும் கிரீகரும் இல்லாத குறை தெரிகிறது. இன்னொரு முறை அடித்து எழுதச் சொல்ல யாரும் இல்லை.

படித்ததும் எடுத்ததும்

மாரிசன் வரிகளைப் படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. அவர் எழுதியதில் கணிசமான பகுதி மற்ற நூல்களிலிருந்து நேராக எடுத்தது, அடிக்குறிப்பு இல்லாமல்.

1. 'எண்ட் ஆஃப் தி நைட்' பாட்டில் சிலர் இன்பத்துக்கும் சிலர் முடிவில்லா இரவுக்கும் பிறக்கிறார்கள் என்று வரும் அடிகள் பிளேக்கின் 'ஆகரீஸ் ஆஃப் இன்னொசென்ஸ்' கவிதையிலிருந்து வந்தவை. தலைப்பில் பிரெஞ்சு நாவலாசிரியர் செலினின் நிழல்.

2. 'நாட் டு டச் தி எர்த்' பாட்டின் தொடக்கம், மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசரின் 'தி கோல்டன் பவ்' நூலின் பொருளடக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு உட்தலைப்புகள். அரசனும் பூசாரியும் மண்ணைத் தொடக்கூடாது, சூரியனைப் பார்க்கக்கூடாது என்ற விலக்குகளைப் பற்றிய பகுதி அது.

3. 'அலபாமா சாங்' முழுக்கவே ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் 1920-களில் செய்தது. இது ஒளிக்கப்படவில்லை, ஆல்பத்திலேயே அவர்கள் பெயர் இருக்கிறது.

இதைத் திருட்டு என்று சொல்வது அவசரம். நாட்டுப்புறப் பாட்டும் புளூஸும் இப்படித்தான் வளர்ந்தன. மாரிசன் பாடக் கற்றது புளூஸ் பாணியில். ஆனால் மேற்கோள் படம் போட்டு 'மாரிசன் சொன்னது' என்று பகிர்பவர்கள் சில நேரம் பிளேக்கைப் பகிர்கிறார்கள்.

ஆர்தர் ரைம்போவின் கதை வேறு. பிரெஞ்சுக் கவிஞர் ரைம்போ 1871 மே மாதக் கடிதத்தில், புலன்கள் அனைத்தையும் நீண்ட, பிரம்மாண்டமான, திட்டமிட்ட முறையில் கலைத்துப் போட்டே கவிஞன் தீர்க்கதரிசியாகிறான் என்று எழுதினார். மாரிசன் வட்டாரத்தில் இது மந்திரம் மாதிரி. குடிக்கும் போதைக்கும் இலக்கிய அங்கீகாரம் கிடைத்த மாதிரி இதைப் படித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. திட்டம் என்ற பாதியை ரைம்போ கவிதையில் கறாராகக் காட்டினார். மாரிசனிடம் கலைப்பு நிறைய இருந்தது, திட்டம் பெரும்பாலும் பாட்டுப் பக்கத்தில் மட்டும் இருந்தது. ரைம்போவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் ஃபௌலிக்கு 1968-ல் மாரிசனிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. யாரோ ஒரு வாசகர் என்றுதான் ஃபௌலி அப்போது நினைத்தார். பல ஆண்டு கழித்து இருவரையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். மாரிசனைக் கல்விப்புலம் கவனிக்கத் தொடங்கியதில் அந்த நூலுக்குப் பங்கு உண்டு.

எந்த வரி யாருடையது

குழுவின் ஆரம்ப ஆல்பங்களில் எல்லாப் பாட்டுக்கும் 'தி டோர்ஸ்' என்று ஒரே பெயர்தான். வருமானம் நால்வருக்கும் சமம். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரியம் நடக்காது. இளைஞர் குழுக்களில் இப்படியொரு ஏற்பாடு அபூர்வம், நியாயமானதும்கூட. ஆனால் விளைவுகள் உண்டு.

1. வாசகருக்கு வரும் குழப்பம். 'லவ் மீ டூ டைம்ஸ்', 'டச் மீ', 'லவ் ஹெர் மேட்லி' எல்லாம் கிரீகர் எழுதியவை. மாரிசன் கவிதை நடை என்று இவற்றை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் ஏராளம்.

2. மாரிசனுக்கே வந்த சங்கடம். கிரீகரின் 'டெல் ஆல் தி பீப்பிள்' பாட்டில் துப்பாக்கி எடுங்கள், என் பின்னால் வாருங்கள் என்று ஓர் அழைப்பு வருகிறது. அது தன் கருத்தாக எண்ணப்படுவதை மாரிசன் விரும்பவில்லை. ஆகவே 1969-ன் 'தி சாஃப்ட் பரேட்' ஆல்பத்திலிருந்து தனித்தனிப் பெயர் போடத் தொடங்கினார்கள். வரிக்கு எழுதியவன் பொறுப்பு என்று நினைத்த ஆள் அவர் என்பது இதில் தெரிகிறது.

3. விளம்பர விவகாரம். 1968-ல் பியூக் கார் நிறுவனம் 'லைட் மை ஃபயர்' பாட்டைக் கேட்டது. ஊரில் இல்லாத மாரிசனைக் கேட்காமல் மற்ற மூவரும் சம்மதித்தார்கள். திரும்பி வந்தவர் கொதித்தார், விளம்பரம் வரவில்லை. அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து கேடிலாக் நிறுவனம் 'பிரேக் ஆன் த்ரூ' பாட்டுக்கு 1.5 கோடி டாலர் வரை தர முன்வந்தபோது டென்ஸ்மோர் தன் ஒற்றை மறுப்பைப் பயன்படுத்தினார். காரணமாகச் சொன்னது அன்று ஜிம் கொதித்ததைத்தான்.

இறப்புக்குப் பின் வந்தவை

1971 ஜூலை 3-ல் பாரிஸில் மாரிசன் இறந்தார்; வயது 27. இதயச் செயலிழப்பு என்று பதிவானது, பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு, 1970 டிசம்பர் 8-ல், தன் பிறந்தநாளன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோ ஒன்றில் இசையில்லாமல் கவிதைகளை வாசித்துப் பதிவு செய்திருந்தார். 1978-ல் மீதி மூவரும் அந்தக் குரலுக்குப் பின்னால் இசை சேர்த்து 'ஆன் அமெரிக்கன் பிரேயர்' ஆல்பமாக வெளியிட்டார்கள். செத்தவர் குரலுக்கு மெட்டுப் போடுவது சரியா என்று சண்டை நடந்தது. ராத்சைல்டு கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். எனக்கு அது பாதி ஒப்புதல். 'கோஸ்ட் சாங்' பகுதியில் இசை வந்ததும் சொற்கள் இடம் பிடித்து உட்காருகின்றன. வேறு சில இடங்களில் நளினமான பின்னணி இசை கவிதையின் கரடுமுரட்டைத் தேய்த்துவிடுகிறது.

நோட்டுகளிலிருந்து 'வில்டர்னஸ்' 1988-லும் 'தி அமெரிக்கன் நைட்' 1990-லும் தொகுப்பாக வந்தன. 2021-ல் ஹார்ப்பர்காலின்ஸ் எல்லாவற்றையும் திரட்டி ஏறக்குறைய 600 பக்கத்தில் 'தி கலெக்டட் வொர்க்ஸ் ஆஃப் ஜிம் மாரிசன்' நூலைக் கொண்டுவந்தது. பாட்டு வரி, கவிதை, திரைக்கதை, கையெழுத்துப் பக்கங்களின் நகல் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் எது எங்கிருந்து எங்கே போனது என்று ஒப்பிட முடிகிறது. ஆனால் அவர் உயிரோடு இருந்திருந்தால் இதில் எத்தனைப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியிருப்பார் என்பது வேறு கேள்வி. ஒருமுறை நோட்டுகளை மொத்தமாகத் தூக்கிப் போட்டவர் அவர்.

புதிதாகப் படிக்க வருபவருக்கு

அந்தத் தடித்த தொகுப்பில் தொடங்காதீர்கள். முதலில் 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்' கேளுங்கள், ஹெட்போனில். 1971-ல் வந்த 'எல்.ஏ. உமன்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. இந்த வீட்டில் பிறக்கிறோம், இந்த உலகத்துக்குள் வீசப்படுகிறோம் என்று தொடங்கி, எலும்பில்லாத நாய், வாடகைக்கு விட்ட நடிகன் என்று இரண்டு உவமை, அவ்வளவுதான் தத்துவம். அடுத்த சரணத்தில் சாலையில் ஒரு கொலைகாரன் நிற்கிறான். மாரிசன் 1969-ல் எடுத்த 'எச்டபிள்யூஒய்' என்ற குறும்படத்தின் பாத்திரம் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. பாடிய குரலுக்கு அடியில் அதே வரிகளை அவரே கிசுகிசுத்து இன்னொரு முறை பதிவு செய்திருக்கிறார். ஒலியைக் கூட்டினால் அந்தக் கிசுகிசுப்பு தனியாகக் கேட்கும்.

அதற்குப் பிறகு 'பீஸ் ஃபிராக்', 'ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்', கச்சேரி வடிவத்தில் 'செலிப்ரேஷன் ஆஃப் தி லிசார்ட்' என்ற வரிசையில் போனால் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நோட்டு கூடிக்கொண்டே வரும். புத்தகமாக வாங்குவதென்றால் 'தி லார்ட்ஸ்' பகுதியை முதலில் படியுங்கள். 'தி நியூ கிரியேச்சர்ஸ்' அதே நூலின் பின்பாதியில்தான் இருக்கிறது; பிடித்தால் தொடரலாம்.